பொம்மை வில்லும் பரங்கிக்காயும்

அத்தியாயம் 4

"மனுஷன் இதுவரைக்கும் சொன்ன பொய்கள்லயே பெரிய பொய் எது தெரியுமா?"

துப்பறிவாளர் ஆர்வில் டெஸ்டால் இதைக் கேட்டபோது மதுக்கடையில் இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. எல்லோர் வாயிலும் மீன் இருந்தது. அவரே சொன்னார்.

"மலிவு விலை வேட்டை வில்."

ஐக்கிய நாடுகள் சபையில் போர் நிறுத்தத் தீர்மானம் படிப்பவர்கூட இவ்வளவு பொறுப்பான முகத்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

வெண்டெல் குபியாக் தன் தட்டிலிருந்த மீன் மேல் எலுமிச்சை பிழிந்தான். ஆர்வில் அவனுடைய அக்கா புருஷன். கல்யாணத்தின்போது பெண் வீட்டிலிருந்து ஆர்விலுக்கு வந்தவை இரண்டு: ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு வெண்டெல். ஃப்ரிட்ஜ் போன வருஷம் நின்றுவிட்டது. வெண்டெல் இன்னும் உதவியாளனாக ஓடிக்கொண்டிருந்தான்.

"வில்லுன்னா அதுக்கு ஒரு கனம் வேணும்," ஆர்வில் தொடர்ந்தார். "இறகு மாதிரி இருக்கு, பெட்டியைத் திறந்த உடனே எய்யலாம், பூட்ஸ் வாங்குற காசுல கிடைக்கும்னு ஒருத்தன் விக்கிறான். அதையும் ஒருத்தன் வாங்குறான். வாங்குறவனுக்குப் பேரு வேட்டைக்காரன் இல்ல. பிளாஸ்டிக் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துறவன். நான் பட்டினி கிடந்தாலும் அதைக் கையால தொடமாட்டேன்."

"மாமா, நீங்க பட்டினி கிடந்து நான் பார்த்ததே இல்லையே."

"மாப்ளே, நீ மீனைத் தின்னு."

எதிரே உட்கார்ந்திருந்த ஷெரிஃப் ரைமர் கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார். "யோவ் ஆர்வில், கச்சேரி நல்லாத்தான் இருக்கு. ஆனா நேத்து விடியக்காலையில டெல்பர்ட் ஹாக்கோட பின்தொடையில ஏறி நின்ன அம்பு அந்தப் பொம்மை வில்லோட அம்பு. வில்லு அவன் பரணுக்குக் கீழேயே கிடந்துச்சு. வில்லுக்குச் சொந்தக்காரி அதோ உட்கார்ந்திருக்கா."

மூலை மேஜையில் லோர்னா கீவிங் உட்கார்ந்திருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கால் பிரேக்கை எட்டுவதற்காக இருக்கையைக் கடைசி வரை முன்னால் தள்ளி ஓட்டுகிற உயரம். எதிரே இருந்த தட்டில் மீன் ஆறி, எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. புருஷன் இல்லை. இரண்டு பெண்கள். வழக்குப் பதிவானாலே பேருந்து உரிமம் போய்விடும். தீர்ப்பு வந்தால் பெண்களும் அத்தை வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு நடுவே யாரையும் கைது செய்வதில்லை என்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடக்கு மூலையில் இருக்கும் அந்த மாவட்டத்தின் எழுதப்படாத சட்டம். ஷெரிஃப் சாப்பிட்டு முடித்ததும் லோர்னா அவருடைய காரில் ஏற வேண்டும். ஒரே விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிச் சாப்பிடலாம் என்று கடைப் பலகையில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைத் தவிர லோர்னாவுக்கு அப்போதைக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

விவகாரம் இதுதான். டெல்பர்ட் ஹாக் வில்வேட்டைச் சங்கத் தலைவர். புதிதாக வேட்டைக்கு வருகிற அத்தனை பேருக்கும் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவர். மதுக்கடைக் கல்லாவுக்கு மேலேகூட இந்த சீசனில் எடுத்த அவர் படம்தான் இருந்தது: எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான், பக்கத்தில் இரண்டடி அதிக உயரத்தில் டெல்பர்ட். செப்டம்பரில் சங்கத்து மைதானத்துக்கு லோர்னா தன் புது வில்லைக் கொண்டுவந்தபோது, அவர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "இது வில்லா, சட்டை மாட்டுற ஹேங்கரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "ஒருநாள் இந்த ஹேங்கர்லேர்ந்து ஒரு அம்பு உன் பின்பக்கத்துல ஏறும் பாரு," என்றாள் லோர்னா. அதற்கும் சிரித்தார்கள். இப்போது அதே ஆட்கள் அதே வாக்கியத்தைச் சாட்சியாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள், சிரிக்காமல்.

நேற்று காலை டெல்பர்ட் தன் காட்டிலிருந்து தானே போன் செய்தார். அம்பு பாய்ந்துவிட்டது, மரத்துக்குக் கீழிருந்து யாரோ எய்தார்கள், லோர்னா மாதிரி இருந்தது என்றார். ஆசிரியர்கள் மாநாட்டுக்காகப் பள்ளிக்கு விடுமுறை. அதனால் பேருந்து ஓடவில்லை. லோர்னா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெண்கள் இருவரும் சிநேகிதி வீட்டில். அவள் தூங்கியதற்குச் சாட்சி அவளுடைய தலையணை மட்டும்.

"அதனாலதான் சொல்றேன்," என்றார் ஆர்வில். "காயம் ஆழம். வேட்டைக் காற்சட்டை, உள்ளே கம்பளி, அதையும் தாண்டித் தொடை. அந்தப் பொம்மையால பரங்கிக்காயைக்கூடத் துளைக்க முடியாது. வில்லைக் கொண்டா. இப்பவே நிரூபிக்கிறேன். நிரூபிச்சா அவளை விட்டுடணும்."

ஷெரிஃப் தட்டைப் பார்த்தார். காலி. இரண்டாவது தட்டுக்கு விரலைக் காட்டிவிட்டு எழுந்தார். "அது பொரியறதுக்குள்ள முடிச்சுக்கோ."

கடைக்குப் பின்புறம் ஹாலோவீனுக்காகப் பரங்கிக்காய்கள் குவிந்திருந்தன. அதில் பெரியதாக ஒன்றை எடுத்து ஆர்வில் பீப்பாய் மேல் வைத்தார். கடைக்காரரின் பழைய வேட்டைக் காற்சட்டையை இரண்டாக மடித்து அதைச் சுற்றிக் கட்டினார். பின்னால் ஆளுயர விறகு அடுக்கு. ஷெரிஃப் காரிலிருந்து வில்லை எடுத்துவந்தார். இரண்டு முனையிலும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில். பிடியில் லோர்னா ஒட்டிய ஊதாப் பூ ஸ்டிக்கர். ஷெரிஃபின் சுண்டுவிரலே அதன் எடையைத் தாங்கியது.

"யாரு எய்யறது? அவ கையில நான் தரமாட்டேன்."

ஆர்வில் தன் வலது தோளை ஒருமுறை சுழற்றினார். பிறகு பாதியில் நிறுத்தினார். "நானா? இதை நான் தொட்டேன்னா என் வில்லு என்கூடப் பேசாது. மாப்ளே, நீ எய்."

"எனக்கு மட்டும் மானம் இல்லையா மாமா?"

"உனக்கு வில்லே இல்ல."

வெண்டெல் அம்பைப் பூட்டினான். ஷெரிஃப், ஆர்வில், லோர்னா மூவரும் அவனுக்குப் பின்னால் நின்றார்கள். லோர்னா மூச்சு விடுகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. நாணை இழுத்தான். முதலில் கொஞ்சம் முறைத்தது; பாதி தூரம் வந்ததும் பாரம் சட்டென்று விலகி, நாண் வாயோரத்தில் வந்து தானாக நின்றுகொண்டது. பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்துகிற அளவு சத்தம்கூட இல்லாமல் அம்பு போனது.

பரங்கிக்காய் அசையவில்லை.

"பார்த்தியா?" என்று ஆர்வில் ஆரம்பித்தார். "தொடக்கூட இல்ல. நான் என்ன சொன்னே..."

பரங்கிக்காயின் முன்பக்கத்தில் ஒரு துளையிலிருந்து விதை ஒன்று மெதுவாக எட்டிப் பார்த்து, கீழே விழுந்தது. வெண்டெல் பின்பக்கம் போய்ப் பார்த்தான். அங்கேயும் ஒரு துளை. காற்சட்டையில் நான்கு. அம்பு விறகு அடுக்கில், இறகு மட்டும் வெளியே தெரிய, குடியேறியிருந்தது. அடுக்குக்குள் தூங்கிக்கொண்டிருந்த பூனை ஊரைவிட்டுப் போகிற வேகத்தில் போனது.



"நல்ல வக்கீல்," என்றார் ஷெரிஃப். "என் வழக்குல இருந்த ஒரே ஓட்டையையும் நீயே அடைச்சுக் கொடுத்துட்டே." வெண்டெலிடமிருந்து வில்லை வாங்கி விறகின் மேல் வைத்துவிட்டு, "தொடாதீங்க, இப்ப வந்து எடுத்துக்குறேன். மீன் ஆறிடும்," என்று உள்ளே போனார்.

லோர்னாவின் முகத்தில் இரத்தம் இல்லை. "ஆர்வில் அண்ணே, நீங்க என் பக்கம்தானே?"

ஆர்வில் பரங்கிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையில் எந்தக் காய்கறியும் அவரை இப்படி எதிர்த்துப் பேசியதில்லை.

சூழ்நிலையைச் சமாளிக்க எதையாவது சொல்ல வேண்டும் என்று வெண்டெலுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றும்போதெல்லாம் அவன் தப்பானதைத்தான் சொல்வான். "தப்பா நினைக்காதே லோர்னா. வில்லு பிரமாதம். எனக்குன்னே அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு."

ஆர்வில் திரும்பினார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"வில்லு பிரமாதம்னு..."

"அதை விடு. சட்டை."

"தச்ச சட்டை மாதிரி கச்சிதமா இருக்குன்னேன். ஏன் மாமா, பாராட்டினது தப்பா?"

"கையை விரி. லோர்னா, நீயும் விரி. இவன் பக்கத்துல நில்லு."

இருவரும் பேருந்தை மறிப்பவர்கள் மாதிரி கையை விரித்து நின்றார்கள். வெண்டெல் நின்ற இடத்திலிருந்தே மேல் அலமாரியில் உள்ள டப்பாவை எடுக்கக்கூடியவன். லோர்னாவின் விரல்நுனி அவனுடைய மணிக்கட்டைக்கூட எட்டவில்லை.

"கப்பி வில்லுங்கறது சட்டை மாதிரிதான்," என்றார் ஆர்வில். குரல் இறங்கியிருந்தது. "கை நீளத்துக்குத் தக்கபடி நாண் எங்க நிக்கணும்னு வெச்சிருப்பாங்க. அதுக்கு மேல ஒரு அங்குலம் வராது. விலை ஜாஸ்தியான வில்லுல அதை மாத்தணும்னா கடைக்குப் போகணும், இயந்திரத்துல மாட்டி அழுத்தணும். இந்தக் கழுதையில..." கப்பியின் பக்கவாட்டைக் காட்டினார். "ஒரு திருகு. ஒரு அலன் கீ, வளைஞ்ச ஆறுபட்டைச் சாவி. சின்னப் பிள்ளையிலேர்ந்து மாப்ளே மாதிரி ஒட்டகம் வரைக்கும் யாருக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம். லோர்னா, இப்ப இது உன் அளவுல இல்ல. இவன் அளவுல இருக்கு. யாரு மாத்தினது?"

"நான் மாத்தல அண்ணே. ஞாயித்துக்கிழமை எய்யும்போதுகூட என் அளவுலதான் இருந்துச்சு." லோர்னா யோசித்தாள். "ஆனா சில நாள் நாண் தள்ளிப்போய் நிக்கும். மலிவு சாமான்தானே, திருகு தளர்ந்துடுதுன்னு நானே திருப்பி வெச்சுக்குவேன்."

"எப்பலேர்ந்து?"

"வேட்டை சீசன் தொடங்கினதுலேர்ந்து."

"எங்க வெச்சிருப்பே?"

"ஷெட்டுல. ஆணியில மாட்டி."

"பூட்டுவியா?"

லோர்னா அவரை விநோதமாகப் பார்த்தாள். "ஷெட்டையா? எதுக்கு?"

அந்த ஊரில் காரையே பூட்டுவதில்லை. பூட்டினால் அடுத்த வீட்டுக்காரர் தன்மேல் ஏதோ கோபம் என்று கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"விடியக்காலையில நீ பேருந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவே," என்றார் ஆர்வில். "அப்ப ஒருத்தன் வர்றான். வில்லை எடுக்குறான், தன் அளவுக்குத் திருகுறான். நீ திரும்பறதுக்குள்ள பழையபடி திருகி ஆணியில மாட்டிடுறான். அவசரத்துல சில நாள் சரியாத் திருகல. நேத்து மட்டும் மாட்டவே முடியல."

உள்ளே ஷெரிஃபின் இரண்டாவது தட்டு பாதிக்கு வந்திருந்தது. ஆர்வில் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

"சரி. அவளே மாத்தி வெச்சிருக்கலாம். நம்மளைக் குழப்ப."

"அந்த அளவுல வெச்சா அவளால முழுசா இழுக்கவே முடியாது. அவ கை முடியற இடத்துலதான் இந்த வில்லு ஆரம்பிக்குது."

"எய்ததுக்கு அப்புறம் மாத்தியிருக்கலாம்."

"தொடையில அம்போட ஒருத்தன் கத்திக்கிட்டுக் கிடக்குறான். இவ அங்கேயே உட்கார்ந்து நிதானமா ரெண்டு கப்பியையும் திருகி முடிச்சு, வில்லை மட்டும் மறந்து போட்டுட்டுப் போயிட்டாளாக்கும்?"

ஷெரிஃப் மென்றார். "அப்ப உயரமான எவனோ ஒருத்தன் திருடி எய்திருக்கான். பேரைச் சொல்லு. தட்டு காலியாயிட்டிருக்கு."

முள்கரண்டி மீனில் இறங்குவதை வெண்டெல் பார்த்தான். இன்னும் இரண்டு துண்டு. அந்த மாவட்டத்தில் அதற்கு முன்பு யாரும் ஒரு மீன் தீர்ந்துவிடக் கூடாது என்று இப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கடைக்காரர் அந்தப் பக்கம் வந்தபோது, "ஷெரிஃப் சாருக்கு இன்னொரு தட்டு," என்றான் தன்னிச்சையாக.

"டெல்பர்ட் நேத்து காட்டுக்கு எதுக்குப் போனாராம்?" என்று ஆர்வில் கேட்டார்.

"பரணுக்கு முன்னால பார்வையை மறைக்குற கிளையை வெட்ட. வேட்டைக்குப் போகல. அவன் வில்லு வீட்டுல பெட்டிக்குள்ள இருக்கு, நானே பார்த்தேன்."

"ரம்பம் எங்க?"

"எந்த ரம்பம்?"

"கிளையைப் பல்லாலயா கடிச்சு வெட்டுவாரு?"

ஷெரிஃபின் தாடை நின்றது. "ரம்பம்... எதுவும் கிடைக்கல."

"அவரு மேல வாசனை எப்படி இருந்துச்சு?"

"வழக்கமான வாசனைதான். பெண்மான் மூத்திரம். பூட்ஸ் முழுக்க. ஆம்புலன்ஸ் இன்னும் நாறுது."

சொல்லிவிட்டு ஷெரிஃப் அடுத்த துண்டை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். அங்கேயே வைத்திருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அக்டோபரில் அந்த மாவட்டத்து ஆண்கள் எல்லோரும் கலைமானை ஏமாற்றுவதற்காகப் பாட்டிலில் விற்கிற பெண்மான் மூத்திரத்தைப் பூட்ஸில் தடவிக்கொண்டுதான் திரிவார்கள். தேவாலயத்தில்கூட அந்த வாசனை வரும். அது வராத ஆளைக் கண்டால்தான் வெளியூர்க்காரன் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நேற்று மரத்தடியில் ஏழெட்டுப் பேர் மூக்கோடு நின்றிருந்தார்கள். ஒரு மூக்குக்கும் சந்தேகம் வரவில்லை.

"கிளை வெட்டப் போறவன் அதைத் தடவிக்கிட்டா போவான்?" என்றார் ஆர்வில். "அவரு வேட்டைக்குத்தான் போனாரு. அவரோட வில்லு வீட்டுல இருக்கு. மரத்தடியில கிடந்தது ஒரே ஒரு வில்லு."

வெண்டெல் கல்லாவுக்கு மேலிருந்த படத்தைப் பார்த்தான். டெல்பர்ட்டின் கைகள் படத்தின் சட்டத்தைத் தாண்டிப் போயிருந்தன. "மாமா, ஊர்ல என் அளவு கை இருக்குற இன்னொருத்தரு..."

ஷெரிஃப் எழுந்தார். மூன்றாவது தட்டை டப்பாவில் போட்டுத் தரச் சொன்னார். "ஊகத்தை வெச்சு டெல்பர்ட் ஹாக்கைப் போய்க் கேக்குறேன் பாரு, அடுத்த தேர்தல்ல எனக்கு என் பொண்டாட்டி ஓட்டுகூட விழாது. அவன் மறுத்தான்னா, அங்கேயே இவளைக் கைது பண்ணுவேன். சம்மதமா?"

ஆர்வில் லோர்னாவைப் பார்த்தார். லோர்னா தலையை ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டெல்பர்ட் காற்றடைத்த ரப்பர் வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அந்த நிலையிலும் அவர் சங்கத் தலைவராகவே தெரிந்தார். கால்கள் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு நர்ஸ் அவருடைய ஏதோ பழைய கரடிக் கதையிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தாள்.

"இவளை ஏன்யா இங்க கூட்டிட்டு வந்தே?" என்றார் லோர்னாவைப் பார்த்ததும்.

"வாக்குமூலத்தை முறைப்படி வாங்கணும்," என்றார் ஷெரிஃப். "எதிராளி முன்னாலயே சொல்லிடு. வலது கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணு, முடிஞ்சுது."

வரும் வழியில் காரில் ஆர்வில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒரே வாக்கியம்தான்.

டெல்பர்ட் இடது கையைத் தூக்கினார்.

"வலது."

"எதுவா இருந்தா என்ன?"

"சட்டம் வலது கைன்னு சொல்லுது டெல்பர்ட்."

வலது கை எழுந்தது. சட்டைப் பை வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. டெல்பர்ட் பல்லைக் கடித்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. கை மேலே வர மறுத்ததால் தலையைச் சாய்த்துக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மருந்து மயக்கம்," என்றார்.

"ஊசி போட்டது தொடையில சார்," என்றாள் நர்ஸ்.

யாரும் சிரிக்கவில்லை. ஆர்வில் கட்டிலுக்குப் பக்கத்தில் போனார். "எப்பலேர்ந்து டெல்பர்ட்?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி வெண்டெல் கேட்டதில்லை. "உன் வில்லை இழுக்க எழுபது பவுண்டு பலம் வேணும். இந்தக் கையால அதைப் பெட்டியிலேர்ந்து எடுக்கவே கஷ்டம். இந்த வருஷம் அதைத் திறந்தியா?"

"என்ன உளர்றே?"

"பரண்ல ஏறும்போது கை ரெண்டும் காலியா இருக்கணும். ஏறி உட்கார்ந்த அப்புறம் கயித்தைப் போட்டு வில்லை மேல இழுக்கணும். அம்பு உறையில இருக்கணும். யாரு சொல்லிக் கொடுத்தது மாப்ளே?"

"இவருதான்," என்றான் வெண்டெல். "படம் எல்லாம் போட்டுக் காட்டினாரு. ஒருத்தரு தன் அம்பு மேலேயே விழுந்த படம். அன்னிக்கு நான் மத்தியானம் சாப்பிடல."

"கயித்தை இழுக்கக் கை வரல. அந்த வில்லு இறகு மாதிரி இருக்கு. முழங்கையில மாட்டிக்கிட்டே ஏறிடலாம்னு ஏறினே. அம்பையும் பூட்டிக்கிட்டு. ஏணியில பனி. அம்பு கீழேயிருந்து மேல பாயல டெல்பர்ட். நீ மேலேயிருந்து கீழ வந்தே."

டெல்பர்ட்டின் முகம் கல்லாகிவிட்டது. "நிரூபி," என்றார். "தோள்ல சுளுக்குன்னா அது குத்தமா? நான் விழுந்ததை எவன் பார்த்தான்? இவ என்னை எய்வேன்னு சொன்னதை நாற்பது பேர் கேட்டாங்க. ரைமர், என் சாட்சி என் சாட்சிதான். எழுதிக்கோ."

ஷெரிஃப் ஆர்விலைப் பார்த்தார். ஆர்விலிடம் சொல்ல இனி ஒன்றும் இல்லை என்பது வெண்டெலுக்குத் தெரிந்தது. ஷெரிஃபின் கை இடுப்பு விலங்குக்குப் போனது.

அப்போது லோர்னா பேசினாள்.

"விடுங்க ஆர்வில் அண்ணே. நீங்கதான் தப்பாக் கணக்குப் போட்டுட்டீங்க." அவள் கைகளை ஷெரிஃபிடம் நீட்டினாள். சொற்கள் நேராக வந்தன. "டெல்பர்ட்டாவது, அந்த வில்லைத் தொடறதாவது! அப்படியே தொட்டிருந்தாலும் இவரு கைக்கு அதுல என்ன விழுந்திருக்கும்? முயல்கூட விழுந்திருக்காது."

"முயலா?" என்றார் டெல்பர்ட்.

"முயல்கூட நின்னு சிரிச்சிட்டுப் போயிருக்கும்."

"உனக்கு என்னடி தெரியும் அந்த வில்லைப் பத்தி?" டெல்பர்ட் வளையத்தின் மேல் நிமிர்ந்தார். "ஆணியில மாட்டி வெக்கத்தான் தெரியும் உனக்கு. எப்படி நிக்குது தெரியுமா அது கையில? இழுத்துப் பிடிச்சிக்கிட்டு ஒரு பாட்டு முழுசாப் பாடலாம், கை நடுங்காது. சத்தம் கிடையாது. அந்த எட்டுக் கிளைக் கொம்பன் காதைக்கூடத் திருப்பல. நெஞ்சுல நுழைஞ்ச அம்பு அந்தப் பக்கம் வந்து மண்ணுல நிக்குது, அது இன்னும் புல்லு மேயுது. முயலாம் முயல்! இருபது வருஷத்துல நான் எய்த நல்ல..."

அங்கே நின்றார்.

அறையில் இருந்த எல்லோரும் அவர் பேச்சை மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெரிஃப் விலங்கிலிருந்து கையை எடுத்தார்.

"கல்லா மேல படத்துல இருக்குற கொம்பனா?" என்று கேட்டார். "உன் எழுபது பவுண்டு வில்லால எய்ததுன்னு சொன்னியே, அதுவா?"

டெல்பர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலிடம்தான் பேசினார். "போன்ல பேச ஆரம்பிச்சுட்டேன். அப்புறம்தான் பக்கத்துல அவ வில்லு கிடக்குறது ஞாபகம் வந்துச்சு. எப்படி இங்க வந்துச்சுன்னு கேப்பாங்க. அந்த ஹேங்கரை எடுத்துக்கிட்டு நான் போனேன்னு... சங்கத்துல என்னன்னு சொல்றது? அவ பேரு வாயில வந்துடுச்சு. கோர்ட்டு அளவுக்குப் போகும்னு நினைக்கல."

"என் பொண்ணுங்க நேத்து ராத்திரி துணியை மூட்டை கட்டிட்டாங்க டெல்பர்ட்," என்றாள் லோர்னா. "சின்னவ குளிர்காலக் கோட்டை வேண்டாம்னு வெளிய எடுத்து வெச்சுட்டா. அம்மா அதுக்குள்ள வந்துடுவாங்கன்னு."

 ஷெரிஃப் புதுத் தாளை எடுத்து அவர் மடியில் வைத்தார். பொய் வாக்குமூலத்துக்கான வழக்கு. "இதுக்குக் கையைத் தூக்க வேண்டாம்," என்றார். "கையெழுத்துப் போட்டாப் போதும்."

வெளியே லோர்னா படிக்கட்டில் உட்கார்ந்து ஷெரிஃபின் டப்பாவைத் திறந்து, அவரைக் கேட்காமலே மீன் முழுவதையும் சாப்பிட்டாள். ஷெரிஃப் துடைக்கக் கைக்குட்டையைக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வெண்டெல் கேட்டான். "மாமா, கைதான் விஷயம்னு எப்படித் தோணுச்சு?"

"அனுபவம்."

"யாரோட அனுபவம்?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு மாப்ளே."

மறுநாள் சனிக்கிழமை. அக்கா சொன்ன கோழித் தீவனம் வாங்க வெண்டெல் ஊர்க்கோடியில் இருக்கும் பண்ணைச் சாமான் கடைக்குப் போனான். மூட்டைகளுக்கு நடுவே குனிந்து நின்றபோது, அடுக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழக்கமான குரல் வந்தது. அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி அவன் கேட்டது இது இரண்டாவது முறை.

"அந்த இலேசா இருக்குற மாடல். பெட்டியைத் திறந்த உடனே எய்யலாம்னு சொல்றாங்களே, அது."

"யாருக்கு ஆர்வில்?" என்றார் கடைக்காரர்.

"மச்சானுக்கு. பாவம், கையில வலு இல்ல. அவனே வந்து கேக்க வெக்கப்படுறான்."

"அளவு தெரிஞ்சா இங்கேயே திருகிக் கொடுத்துடுவேன். கை நீளம் எவ்வளவு இருக்கும்?"



"கிட்டத்தட்ட என் அளவுதான்," என்றார் ஆர்வில்.

மூட்டைகளின் இடுக்கு வழியாக வெண்டெல் பார்த்தான். கடைக்காரர் நாடாவை உருவிக்கொண்டிருந்தார். ஆர்வில் டெஸ்டால் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றார். இடது கை நேராக நின்றது. வலது கை அந்த உயரத்தை எட்ட மெல்ல மெல்ல முயன்றுகொண்டிருந்தது.